டிரம்பிள் துரையின் தொப்பி

கொன்றையூர் ராஜா உத்தமராயருக்கு ஒரு பலவீனம் உண்டு. வெள்ளைக்காரரைக் கண்டால் போதும், கை தானாக நீண்டுவிடும். ஒரு ரயில்வே துரைக்குப் பட்டத்து யானையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, அந்த வருஷ தசராவுக்கு வாடகை யானை பிடித்தவர் அவர். அப்படிப்பட்டவருடைய அரண்மனையில் லண்டன் பார்லிமெண்டு மெம்பர் சர் பெர்சிவல் டிரம்பிள் துரை வந்து இறங்கினால் கேட்க வேண்டுமா?

துரை குளிர்காலத்தை வெயிலில் கழிக்க வந்தவர். திவான் வேங்கடாத்ரி அவருடைய பெருமையை எல்லாம் மொழிபெயர்த்து ராஜாவின் காதில் ஊற்றினார். நாற்பது வருஷமாக ஒரே தொகுதிக்கு ஒரே மெம்பராம். ஒரு தேர்தலில்கூடத் தோற்றதில்லையாம். ராஜாவுக்குப் புல்லரித்துவிட்டது.

"நாற்பது வருஷம் அந்த மகாசபையில் உட்கார்ந்தவருக்கு நான் எதைக் கொடுத்தாலும் தகும். என்ன வேண்டும் என்று கேளும்" என்று சபையறிய வாக்குக் கொடுத்துவிட்டார்.

துரை கூச்சப்படவில்லை. தாழையேரியைக் கேட்டார். சுற்றிலும் முள்வேலி போட்டு அடைத்துவிட்டு, வருஷத்துக்கு ஒரு தடவை வந்து வாத்து சுடுவாராம்.

சபையின் கோடியில் விகடகவி பூவலிங்கம் நின்றிருந்தான். தாழையேரித் தண்ணீரை நம்பித்தான் சுற்றுவட்டாரமே நெல் விளைக்கிறது. அவனுடைய தங்கையைக் கட்டிக்கொடுத்ததும் அந்தப் பக்கத்தில்தான். வேலி விழுந்தால் அந்த ஜனங்கள் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆனால் உத்தமராயர் கொடுத்த வாக்கை மாற்றமாட்டார். மாற்றச் சொல்கிறவனைத்தான் மாற்றுவார்.

மறுநாள் மத்தியானம் விருந்து, விருந்து முடிந்ததும் பட்டா என்று ஏற்பாடாயிற்று. உபசரிப்புப் பொறுப்பு பூவலிங்கத்தின் தலையில் விழுந்தது. மரியாதையில் குறை வந்தால் தோலை உரித்துவிடுவதாக ராஜா எச்சரித்தார். உடனே பூவலிங்கம் ரொம்பப் பணிவாக, துரையின் மகாசபையில் மரியாதைகள் எப்படி என்று தெரிந்துகொண்டால் நல்லது என்றான்.

துரைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மணி அடித்தால் எழுந்து இரண்டு வாசல்களில் ஒன்றின் வழியாக நடக்க வேண்டுமாம், அதுதான் ஓட்டாம். எந்த வாசல் என்பதைக் கட்சிக்காரர் சொல்லிவிடுவாராம், யோசிக்கிற சிரமமே கிடையாதாம். பூவலிங்கத்துக்குத் தன் மாமனார் ஆடுகளைப் பட்டியில் அடைப்பது ஞாபகம் வந்தது. சபையில் துரை பேசியது உண்டா என்று மட்டும் கேட்டான். துரை வெகுநேரம் யோசித்தார். ஒரு தடவை பேச எழுந்தாராம், அதற்குள் சாப்பாட்டு வேளை ஆகிவிட்டதாம்.

அப்புறம் தொப்பிக் கதை வந்தது. அந்தச் சபையில் எல்லா மெம்பர்களும் உட்கார இடம் போதாது. காலையில் வந்து பெஞ்சியில் தொப்பியை வைத்துவிட்டால் அன்றைக்கு அந்த இடம் அவருடையது. துரை தொப்பியை வைத்துவிட்டுக் குதிரைப் பந்தயத்துக்குப் போவார், மீன் பிடிக்கப் போவார். இப்போதுகூட ஒரு சிநேகிதர் தினமும் அவருடைய தொப்பி ஒன்றை அங்கே வைத்துக்கொண்டிருக்கிறாராம்.

"யாராவது அதை நகர்த்திவிட்டால்?" என்று பூவலிங்கம் கவலையோடு கேட்டான்.

"எவனுக்கும் தைரியம் வராது. தொப்பி இருந்தால் நான் இருக்கிறேன் என்று அர்த்தம். எங்கள் வழக்கம் அப்படி" என்றார் துரை. திவான் அதை அழுத்திச் சொன்னார். ராஜாவுக்கு அதற்கும் புல்லரித்தது.

மறுநாள் துரை வேட்டைக்குப் போய்விட்டு, வாசலில் தொப்பியைச் சேவகனிடம் கழற்றிக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனார். அவர் திரும்பி வந்து பார்த்தபோது, ராஜாவுக்குப் பக்கத்து வெள்ளி நாற்காலியில் அந்தத் தொப்பி உட்கார்ந்திருந்தது. அதற்கு ரோஜாமாலை, சந்தனம், பன்னீர் எல்லாம் ஆகியிருந்தது. எதிரே தலைவாழை இலை. பூவலிங்கம் குனிந்து, இன்னும் கொஞ்சம் பிரியாணி வைக்கட்டுமா என்று தொப்பியைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

துரை நாற்காலிப் பக்கம் போனார். சேவகர்கள் வணங்கி வழிமறித்தார்கள். அந்த இடத்தில் டிரம்பிள் துரை ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறாராம், வேறு யாரையும் விட உத்தரவில்லையாம். துரை திவானைப் பார்த்தார். திவான் கூரையைப் பார்த்தார். கறிக்குழம்பு வாசனை வேறு மூக்கைத் துளைத்தது. காலையிலிருந்து ஏரிக்கரையில் அலைந்த வயிறு அது.

"பூவலிங்கம், இது என்ன கூத்து?" என்றார் ராஜா. குரலில் தோல் உரிகிற சத்தம் கேட்டது.

"துரை சொன்ன வழக்கம்தான் மகாராஜா. தொப்பி இருந்தால் துரை இருக்கிறார். நான் நகர்த்தினால் அல்லவா மரியாதைக் குறைவு?"

துரைக்கு முகம் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. மேஜையைக் குத்தி என்னவோ கத்தினார். திவான் மென்று விழுங்கினார்.

"துரை சொன்னதை அப்படியே சொல்லும்" என்றார் ராஜா.

"தொப்பி வேறு, நான் வேறு என்கிறார். தொப்பி உட்கார்ந்தால் தான் உட்கார்ந்ததாக ஆகுமா என்று கேட்கிறார்."

பூவலிங்கம் சாஷ்டாங்கமாக விழுந்து எழுந்தான். "மகாராஜா, நாற்பது வருஷம் அந்தச் சபையில் உட்கார்ந்தவருக்கு என்றுதானே வாக்கு? உட்கார்ந்தது யார் என்று துரை வாயாலேயே வந்துவிட்டது. தாழையேரியைத் தாராளமாகத் தொப்பிக்கே கொடுத்துவிடுங்கள்."

ராஜாவின் மீசை துடித்தது. "தொப்பி ஏரியை வைத்துக்கொண்டு என்ன செய்யும்?"

"ஒன்றும் செய்யாது மகாராஜா. வேலி போடாது, வாத்து சுடாது. ஜனங்கள் பாட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொள்வார்கள்."

ராஜா அடக்கி அடக்கிப் பார்த்து, கடைசியில் விழுந்து விழுந்து சிரித்தார். பட்டா தொப்பியின் பேருக்கே எழுதப்பட்டது. துரைக்கு வேறு இலை போட்டார்கள். பசியில் அவர் மறுபேச்சு பேசாமல் சாப்பிட்டார். மறுநாளே வெறுந்தலையோடு ரயில் ஏறினார். அடுத்த தேர்தலிலும் ஜெயித்தார் என்று கேள்வி.

ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பூவலிங்கம், உனக்கு என்ன வெகுமதி வேண்டும்?" என்றார்.

பூவலிங்கம் தலைப்பாகையைக் கழற்றி அவர் காலடியில் வைத்தான்.

"நாளை முதல் சபைக்கு இது வரும் மகாராஜா. சம்பளத்துக்கு மட்டும் நான் வருகிறேன்."