சிவப்பு உறை

கோமதிநாயகத்துக்கு நாற்பத்து நான்கு வயது. கப்பலில் இன்ஜினியராக இருந்துவிட்டுத் தாமதமாக விமானம் ஓட்டக் கற்றவர். அவருக்குக் கற்றுக்கொடுத்த கேப்டன் எஸ்தர் அவரைவிட ஆறு வயது இளையவர். குரு என்று கோமதிநாயகம் அவரை மனதுக்குள் மட்டும்தான் நினைத்துக்கொள்வார். வாய்விட்டுச் சொன்னால் எஸ்தருக்குக் கூச்சம் வந்து எழுந்து போய்விடுவார்.

எஸ்தரிடம் கற்றவர்களில் ஹபீப் என்று ஒருவன். முப்பது வயது. இவரைப் போலவே துணை விமானி. இருவரும் பம்மலில் ஒரே வீட்டில், ஒரே அறையில் தங்கியிருந்தார்கள். அந்த வருடம் இருவரில் ஒருவரைத்தான் கேப்டன் பயிற்சிக்கு அனுப்புவார்கள் என்று பேச்சு. யாரை என்பது எஸ்தரின் சொல்லில் இருந்தது.

விமானிகளுக்கு ஸ்டாண்ட்பை என்று சில நாட்கள் உண்டு. அன்றைக்கு அவர்களுக்கென்று விமானம் கிடையாது. வேறொரு விமானிக்குக் காய்ச்சல் வந்தால் போன் அடிக்கும். அடித்தால் உடனே கிளம்பிப் போய்ப் பறக்க வேண்டும். அடிக்காமலே அந்த நாள் போனாலும் போகும்.

ஸ்டாண்ட்பை நாளில் கோமதிநாயகம் விடிவதற்கு முன்பே குளித்து, திருநீறு பூசி, சாமி கும்பிடுவார். அப்போதும் ஒரு கண் போனில் இருக்கும். பிறகு இஸ்திரி போட்ட யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு, ஷூவும் மாட்டி, நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். படுத்தால் சட்டை கசங்கும். போனில் ஒரு ஆப் உண்டு, எந்த விமானம் எங்கே பறக்கிறது என்று காட்டுவது. அதைத் திறந்து வைத்துக்கொண்டு, யாருக்கு எந்த ஊர் கிடைத்தது என்று பார்த்துக்கொண்டே இருப்பார்.

ஹபீபுக்கு ஸ்டாண்ட்பை என்றால் காலையிலேயே டீயை நிறுத்திவிடுவான். மத்தியானம் லுஹர் தொழுவான். கொஞ்சமாகச் சாப்பிடுவான். திரைச்சீலையை இழுத்து மூடுவான். போனை ஒரு எவர்சில்வர் கிண்ணத்துக்குள் வைப்பான், அடித்தால் சத்தம் பெரிதாகக் கேட்க வேண்டும் என்று. சேவல் கூவுவதுதான் அவன் போனின் மணி. கைலியோடு படுப்பான். படுத்த கொஞ்ச நேரத்தில் குறட்டை வரும்.

அந்தக் குறட்டை கோமதிநாயகத்துக்குத் தன்னைக் கேலி செய்வது போல இருக்கும்.

"அண்ணே, மாப்பிள்ளை அழைப்புக்கு இன்னும் கார் வரலையா?" என்பான் ஹபீப், கண்ணைத் திறக்காமலே.

"நான் வேலையில இருக்கேன்டே."

"நானும் வேலையிலதாண்ணே இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுப்பான்.

ஒருநாள் கோமதிநாயகத்தைக் கூப்பிட்டார்கள். போனார். எந்த உயரத்தில் பறக்க வேண்டும் என்று தரையிலிருந்து ரேடியோவில் சொன்னதைத் தவறாகத் திருப்பிச் சொன்னார். பக்கத்தில் இருந்த கேப்டன் திருத்தினார். இறங்கிய பிறகு, "தூங்கினீங்களா சார்?" என்று மட்டும் கேட்டார்.

அதே கேப்டன் அடுத்த வாரம் ஹபீபோடு பறந்துவிட்டு வந்து, "பையன் இப்பத்தான் குளிச்சிட்டு வந்தவன் மாதிரி இருந்தான்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். கோமதிநாயகம் கேட்டுக்கொண்டு நின்றார்.

மறுநாள் எஸ்தரைத் தேடிக்கொண்டு பயிற்சி அறைக்குப் போனார். எஸ்தர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"கேப்டன், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"ஸ்டாண்ட்பைல ஒரு நிமிஷம்கூடக் கண்ணை மூடாம நான் தயாரா இருக்கேன். அவன் கைலியைக் கட்டிக்கிட்டுக் குறட்டை விடுறான். பேரு அவனுக்குத்தான் கிடைக்குது. அவனுக்கு மட்டும் எப்படி கேப்டன் தூக்கம் வருது?"

"நீங்க கேக்கிறது உங்க தூக்கத்தைப் பத்தியா, அவரோட தூக்கத்தைப் பத்தியா?"



எஸ்தர் டம்ளரைக் கீழே வைத்தார். "வாங்க" என்று எழுந்து நடந்தார்.

விமானங்களை நிறுத்தும் இடத்தில், வெயிலில் ஒரு விமானம் நின்றது. அன்றைக்கு அதற்கு எந்த ஊரும் இல்லை. வேறு விமானம் ஏதாவது பழுதானால் போவதற்காக நிறுத்தி வைத்திருந்தார்கள். அதன் மூக்குக்குப் பக்கத்தில் விரல் நீளத்துக்குக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. காற்று அதற்குள் புகுந்துதான் விமானத்தின் வேகத்தைச் சொல்லும். குழாயின் மேல் சிவப்பு உறை ஒன்று மாட்டியிருந்தது. அதிலிருந்து தொங்கிய நாடா காற்றில் ஆடியது.

"இதுவும் உங்களை மாதிரி ஸ்டாண்ட்பைதான்" என்றார் எஸ்தர். "அந்த உறையைக் கழட்டுங்க. எப்பக் கூப்பிட்டாலும் போற மாதிரி ரெடியா இருக்கட்டும்."

கோமதிநாயகம் சிரித்தார். "நிக்கிற விமானத்துக்குக் கழட்டக் கூடாதே கேப்டன்."

"ஏன்?"

"குளவி புகுந்து கூடு கட்டிரும்."

"எங்க ஊர்ல வீட்டுக்குள்ள குளவி கூடு கட்டினா, யாரோ உண்டாகியிருக்காங்கன்னு சந்தோஷப்படுவாங்க. இதுல கட்டினா?"

"வேகத்தைத் தப்பாக் காட்டும். நாம அதை நம்பி ஓட்டுவோம்."

"பறக்கும்போது குளவி வருமா?"

"பறக்கும்போது எப்படி வரும்? சும்மா நிக்கும்போதுதான் வரும்."

"சரி" என்றார் எஸ்தர். "டீ ஆறியிருக்கும். வாங்க போவோம்."



கோமதிநாயகம் பல்லாவரம் கடைத்தெருவுக்குப் போய், கண்ணை மூடிக் கட்டிக்கொள்ளும் கறுப்புப் பட்டை ஒன்று வாங்கினார். அடுத்த ஸ்டாண்ட்பைக்கு யூனிஃபார்மோடு, ஷூவோடு, பட்டையையும் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை பட்டையைத் தூக்கிப் போனைப் பார்த்தார்.

"அண்ணே, கண்ணாமூச்சி ஆடுறீங்களா?" என்றான் ஹபீப்.

"தூங்குடே."

ஹபீப் தூங்கினான்.

பிறகு ஒருநாள் இருவருக்கும் சேர்ந்தாற்போல ஸ்டாண்ட்பை வந்தது. முந்தைய இரவும் கோமதிநாயகத்துக்குத் தூக்கமில்லை. பயிற்சிக்குப் பெயர் அந்த வாரம் போகும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மத்தியான வெயில் திரைச்சீலையின் ஓரத்தில் கோடாக விழுந்தது. ஹபீப் வாயை லேசாகத் திறந்துகொண்டு தூங்கினான். பச்சைப்பிள்ளை போல இருந்தது அந்த முகம். கோமதிநாயகத்துக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை இவன் போனை எடுக்காமல் விட்டால் போதும் என்று நினைத்தார்.

எழுந்தார். கிண்ணத்திலிருந்து ஹபீபின் போனை எடுத்தார். மடித்து அடுக்கியிருந்த போர்வைகளுக்கு அடியில் வைத்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார். சட்டையில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவருடைய போன் அடித்தது.

"சார், டியூட்டி ஆபீஸ்லருந்து பேசுறேன். டெல்லி போகணும். எஸ்தர் மேடம்தான் கேப்டன். வண்டி அனுப்பவா? ஃபிட்டா இருக்கீங்கள்ல?"

எஸ்தருக்குப் பக்கத்து இருக்கை. அதுவும் இந்த வாரம்.

யூனிஃபார்ம் தயாராக இருந்தது. ஷூ தயாராக இருந்தது. 'இருக்கேன்' என்று சொல்ல வாயைத் திறந்தார். எதிரே சுவரில் இருந்த கடிகாரத்தின் முள் இரண்டாகத் தெரிந்தது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தார். அப்போதும் இரண்டாகத்தான் தெரிந்தது.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்ம்மா." அவர் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார். "தூங்கல. என்னால முடியாது."

"சரி சார். அடுத்து ஹபீப் சாரைக் கேக்குறேன்."

போன் அடங்கியது. உடனே போர்வைக்குள் சேவல் கூவியது. கிணற்றுக்குள்ளிருந்து கூவுவது போலக் கேட்டது. ஹபீப் அசையவில்லை.

அது அவர் ஒருவருக்குத்தான் கேட்டது. பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும். தானாக நின்றுவிடும்.

மறுபடி கூவியது. மறுபடியும்.

கோமதிநாயகம் எழுந்தார். போர்வையை இழுத்துத் தள்ளிவிட்டுப் போனை எடுத்தார். ஹபீபின் தோளை உலுக்கினார்.

"ஹபீப். எந்திரி. போன்."

ஹபீப் ஒரே மூச்சில் எழுந்து உட்கார்ந்து பேசினான். "ஃபிட்தாங்க. வண்டி அனுப்புங்க" என்றான். முகம் கழுவி, உடை மாற்றிக்கொண்டு வந்தான். கண் தெளிவாக இருந்தது.

"எனக்குச் சத்தமே கேக்கலண்ணே. நீங்க இல்லேன்னா இன்னைக்கு மாட்டியிருப்பேன்." வாசலுக்குப் போனவன் திரும்பி வந்து அவர் கையைப் பிடித்தான். "அல்லா உங்களை நல்லா வெக்கட்டும்ணே."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

நான்கு நாள் கழித்துக் கோமதிநாயகம் மறுபடி பயிற்சி அறை வாசலில் வந்து நின்றார். எஸ்தர் உள்ளே ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

"வாங்க. அன்னைக்கு நீங்கதான் எழுப்பிவிட்டீங்கன்னு ஹபீப் வழியெல்லாம் சொல்லிக்கிட்டு வந்தார்."

"எழுப்ப வேண்டிய நிலைமைக்குக் கொண்டுவந்ததும் நான்தான் கேப்டன்." நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். சொல்லி முடித்ததும், "குழாய்க்குள்ள கூடு இருந்துச்சு" என்றார்.

எஸ்தர் பேனாவை மூடினார். "எப்பப் பாத்தீங்க?"

"நிக்கும்போதே பாத்துட்டேன்."

"ஹபீப்கிட்ட?"

"அன்னைக்கு அவன் திரும்பி வந்ததுமே சொல்லிட்டேன். சிரிச்சான். அதான் போர்வையெல்லாம் கலைஞ்சு கிடந்துச்சான்னு கேட்டான். அப்புறம் பேசவே இல்ல." கோமதிநாயகம் தரையைப் பார்த்தார். "பயிற்சிக்கு என் பேரை எழுதாதீங்க கேப்டன். அவன் பேரையே எழுதுங்க."

எஸ்தர் நிமிர்ந்து பார்த்தார். "இப்ப எப்படி இருக்கார்?" என்று கேட்டார்.

"அதைச் சொல்லத்தான் வந்தேன். நேத்து அவனுக்கு ஸ்டாண்ட்பை. கிண்ணத்துல போனை வெக்கல. கையில பிடிச்சுக்கிட்டே படுத்தான். குறட்டையே வரல. நான் நாற்காலியை விட்டு எந்திரிச்சா அவனும் கண்ணைத் திறக்கிறான். தண்ணி குடிக்கப் போனாக்கூடப் பாக்கிறான்." அவர் குரல் இறங்கிவிட்டது. "அவன் தூக்கத்தைப் பாத்துத்தான் நான் பொறாமைப்பட்டேன். எனக்கும் வரல. இப்ப அவனுக்கும் இல்லாமப் பண்ணிட்டேன். அதை எப்படித் திருப்பிக் குடுக்கிறதுன்னு தெரியல."

எஸ்தர் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஜெபம் செய்கிறாரோ என்று கோமதிநாயகம் நினைத்தார்.

"இன்னைக்கு உங்களுக்கு என்ன டியூட்டி?"

"மத்தியானத்துலருந்து ஸ்டாண்ட்பை."

"அவருக்கு?"

"அவனுக்கும்தான்."

"அப்ப வீட்டுக்குப் போங்க. ஷூவைக் கழட்டுங்க. கைலியைக் கட்டிக்கிட்டு, உங்க போனையும் அந்தக் கிண்ணத்துல போட்டுட்டு, அவருக்கு முன்னாடி படுத்துத் தூங்குங்க" என்றார் எஸ்தர். "உங்க குறட்டை கேட்டாத்தான் இனிமே அவருக்குத் தூக்கம் வரும்."