ராஜாவின் பெயரைச் சொன்னவன்

முன்னொரு காலத்தில் ஆலங்கரை நாட்டை ஒரு ராஜா ஆண்டு வந்தார். அவர் பெயர் மலையன். நான் சொல்லிவிட்டேன், எனக்கென்ன, அந்த நாட்டிலா குடியிருக்கிறேன்? அங்கே இருந்தவர்கள் யாரும் அந்தப் பெயரை வாயில் எடுக்கக்கூடாது. எடுத்தால் நாக்கை அறுத்துவிடுவார்கள்.

இந்தச் சட்டத்தைப் போடவைத்தவர் அரண்மனைப் புலவர் வாகீசப் பண்டிதர். சொல்லோடு சொல்லை ஒட்டி முழ நீளத்துக்குப் பட்டம் செய்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பகைகுலநடுக்கர், எண்டிசைப்புகழ்சூடியார், வெண்குடைநிழல்வேந்தர் என்று வருஷத்துக்கு வருஷம் பட்டங்கள் கூடிக்கொண்டே போயின. ராஜாவிடம் எதைப் பேசுவதானாலும் அத்தனையையும் சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டும். "இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றட்டுமா?" என்று சமையற்காரர் கேட்டு முடிப்பதற்குள் இலையில் சோறு ஆறிப்போயிருக்கும்.

ராஜாவுக்கும் முதலில் பெருமையாகத்தான் இருந்தது. அம்மா இருந்தவரை, "மலையா, சாப்பிட வா" என்று அரண்மனைக்குள் ஒரு குரலாவது கேட்டது. அம்மாவுக்கு மட்டும் எந்தச் சட்டம் செல்லும்? அவளும் போன பிறகு, இவ்வளவு பட்டம் சொல்லிப் பேசுவதைவிடப் பேசாமல் இருப்பதே மேல் என்று ஒவ்வொருவராக ஒதுங்கிவிட்டார்கள். ராஜா தனியாக உட்கார்ந்து தாயம் விளையாடுவார். எதிராளியின் காயையும் அவரே நகர்த்துவார். ஜெயித்தால்கூட, பாவம், தோற்றவரும் அவர்தான்.

அப்படி இருக்கும்போது ஆற்றுத் திருவிழா வந்தது. ராஜா படகின் முனையில் நின்றுகொண்டு கரையில் இருந்த ஜனங்களைப் பார்த்தபடி வந்தார். எதிரே ஒரு மருதமரத்தின் பெருங்கிளை தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பண்டிதர் பார்த்துவிட்டார்.

"பகைகுலநடுக்கரே! எண்டிசைப்புகழ்சூடியாரே! வெண்குடை..."

கிளை காத்துக்கொண்டிருக்குமா?

"மலையா! குனிடா!"

ராஜா சட்டென்று குனிந்தார். கிளை கிரீடத்தை மட்டும் தட்டி ஆற்றில் போட்டது. கத்தியவன் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்த சடையன். சின்ன வயதில் ராஜாவோடு அதே ஆற்றில் நீச்சலடித்தவன். ராஜாவுக்குத் தலை தப்பியது. சடையனுக்கு நாக்கு போகும்படி ஆயிற்று.

மறுநாள் சபை கூடியது. சேவகர்கள் சடையனைக் கட்டி இழுத்து வந்தார்கள்.

"உயிரைக் காப்பாற்றியவன் ஆயிற்றே" என்றார் ராஜா, மெல்ல.

"சிநேகிதனுக்காகச் சட்டத்தை வளைத்தார் என்று நாளை ஊர் பேசும், அரசே" என்றார் பண்டிதர், பட்டங்களையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு.

மந்திரி காரியார் எழுந்து அவரும் பட்டங்களை ஒப்பித்தார். "சட்டத்தை வளைக்காமலே இவனை விடுவிக்கலாம்."

"முடியாவிட்டால்?" என்றார் பண்டிதர்.

"என் நாக்கையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்."

பண்டிதருக்கு வாயெல்லாம் பல். மந்திரியின் ஆசனத்தின்மேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. குற்றம் சாட்டுகிறவர், குற்றவாளி சொன்னதைச் சொன்னபடியே நடுச்சபையில் நின்று உரக்கச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வழக்கு நிற்காது.

"குற்றம் சாட்டுகிறவர் நீங்கள்தானே? சொல்லுங்கள் பண்டிதரே, சடையன் என்ன சொன்னான்?" என்று கேட்டார் காரியார்.

"குனிடா என்றான்."

"அதற்கு நாக்கு போகாது. அதற்கு முன்னால்?"

"மன்னரின் பெயரைச் சொன்னான்."

"எதை? பகைகுலநடுக்கர் என்பதையா?"

"அது பட்டம் ஐயா, பட்டம்!"

"பெயரைச் சொல்லுங்கள் என்றுதானே கேட்கிறேன்?"

அப்போதுதான் பண்டிதருக்கு வியர்த்தது. ஆனாலும் மனிதர் லேசுப்பட்டவரா? "சொல்லைப் பிரித்தே சொல்கிறேன். பகுதி, மலை." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "விகுதி, அன்."

"விறகுக்குப் போகிறவர்கள் தினமும்தான் மலை என்கிறார்கள். அவர்கள் நாக்கையெல்லாம் அறுத்துவிடலாமா? அன் என்பது வேடன், குயவன், தச்சன் என்று எல்லார் வாலிலும் தொங்குகிறது. தனியாக விட்டால் அதற்கு ஒரு பொருளும் கிடையாது. இந்த இரண்டில் எது குற்றம்?"

"இரண்டும் சேர்ந்தால்தானே சொல்!"

"அப்படி வாருங்கள் வழிக்கு! பிரித்துப் போட்ட துண்டுகள் யாரையும் கூப்பிடாது. சேர்த்துச் சொல்லுங்கள், சபை கேட்கட்டும்."

பண்டிதர் வாயைத் திறந்தார். பக்கத்தில் கத்தியோடு நின்றவன் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பண்டிதர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். சபை கொல்லென்று சிரித்தது.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். சட்டத்தை அங்கேயே ரத்து செய்தார். "பண்டிதரே, எனக்காக ஒட்டிய பட்டங்களையெல்லாம் உட்கார்ந்து பிரித்துப் போடும். கடைசிச் சொல்வரை பிரித்து முடித்த பிறகு சபைக்கு வந்தால் போதும்" என்றார்.

பிறகு சிங்காதனத்தை விட்டு இறங்கி வந்தார். "சடையா, இன்னொரு தடவை என்னைக் கூப்பிடு."

சடையன் தரையில் விழுந்தான். "உத்தரவு, மகாராஜா."

"பெயரைச் சொல்லிக் கூப்பிடப்பா."

"வாய் வரலீங்க, மகாராஜா."

அதன் பிறகும் அப்படியேதான். தண்டனை போய்விட்டது, பயம் போகவில்லை. காரியார்கூட 'மலை' என்று துணிந்து ஆரம்பித்து, 'பிரபு' என்று முடித்துக்கொள்வார். ராஜா பழையபடி தனியாகத் தாயம் உருட்டினார். முன்பாவது சட்டத்தின்மேல் பழியைப் போடலாம். இப்போது அதுவும் இல்லை. அரண்மனை அவருக்கு இன்னும் பெரிதாகிவிட்டது போலிருந்தது.

ஒரு சாயங்காலம் கிரீடம் இல்லாமல் துறைக்குப் போய்ச் சடையன் படகில் ஏறி, முனையில் நின்றார். "ஓட்டு" என்றார். சடையன் ஓட்டினான். மருதமரம் வந்தது.

"கிளை வருதுங்க மகாராஜா. கொஞ்சம் குனிஞ்சுக்குங்க."

ராஜா நிமிர்ந்தே நின்றார்.

"மகாராஜா!"

ராஜா அசையவில்லை. கிளை கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது.

"மலையா! குனிடா, பாவி!"

ராஜா குனிந்தார். கிளை தலைக்கு மேலே போயிற்று. அவர் நிமிர்ந்தபோது கண் இரண்டும் நிறைந்திருந்தது. சடையன் துடுப்பைப் போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான்.

"படகைத் திருப்புடா" என்றார் ராஜா. "இன்னொரு தடவை அந்தக் கிளைக்கே போவோம்."