மரமில்லாத நிழல்

செவந்தியம்மாள் வரைந்த நிலக்காட்சி எதிலும் மரம் கிடையாது. வயல் இருக்கும், வண்டித்தடம் இருக்கும். தரையில் ஒரு மரத்தின் நிழல் மட்டும் விழுந்து கிடக்கும்.

பார்க்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? மரம்தான் ஆன்மா, அது கண்ணுக்குத் தெரியாது என்று ஒருத்தர் எழுதினார். மரம் என்றால் தாய், போன பிறகும் நிழல் தருகிறாள் என்று இன்னொருத்தர் உருகினார். அம்மாள் எதற்கும் வாய் திறந்ததில்லை.

அவரிடம் பதினொரு வருஷமாகப் பாடம் கேட்டவர் இன்னாசிமுத்து. பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர், வயது நாற்பத்தைந்து. மறுநாள் அவருடைய முதல் கண்காட்சி. அதற்காகத் தான் வரைந்த பன்னிரண்டு படங்களையும் அம்மாள் வீட்டுக்குக் கொண்டுவந்து சுவரோரம் சாத்தி வைத்தார். பன்னிரண்டிலும் மரமில்லை, நிழல்தான்.

“வர்றவங்க அர்த்தம் கேப்பாங்கம்மா. அந்த நிழலுக்கு என்ன பொருள்? நீங்க ஒரு வரி சொல்லிட்டா வாசல்லயே எழுதி மாட்டிருவேன். நாளைக்கு விட்டா எனக்கு இன்னொரு நாள் இல்லம்மா.”

அம்மாள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசிப் படத்தில் நின்றுவிட்டார். கிளையின் நிழலிலிருந்து ஏதோ தொங்கியது.

“இது என்ன?”

“ஊஞ்சல்மா. வெறும் நிழல் மொட்டையா இருந்துச்சு. ஒரு அழகுக்குப் போட்டேன்.”

அம்மாளுக்கு முகம் கறுத்துவிட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அழகுக்கா? எங்கண்ணன் பெரிய வீட்டுப் பொண்ணை விரும்பிட்டான். ஊர்க்காரனுங்க அவனைப் புளியமரத்துல தொங்கவிட்டானுங்க. எனக்கு அப்ப ஒம்பது வயசு. ‘பாக்காத தாயி’ன்னு எங்கம்மா என் தலையை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டா.”

இன்னாசிமுத்து அந்தப் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார்.

“தரை மட்டும்தான் தெரிஞ்சுது. நிழல் ஆடிச்சு. அறுபது வருஷமா அந்த மரத்தை வரையப் பாக்குறேன், நிமிர மாட்டேங்குது இந்தப் பாழாப்போன கழுத்து. ஆடினதை இன்னைக்கு வரைக்கும் நான் வரையலை.”

“தெரியாமப் பண்ணிட்டேன்மா. மன்னிச்சிருங்க. அந்தப் படத்தைக் கிழிச்சிடுறேன்.”

“அந்த ஒண்ணை மட்டுமா?”

ஜன்னலுக்கு வெளியே ஒரு வேம்பு பூத்து நின்றது. பதினொரு வருஷமாக இன்னாசிமுத்து அதன் அடியில்தான் சைக்கிளை நிறுத்துகிறார். அம்மாள் அதை ஒரு தடவை பார்த்தார். பிறகு பன்னிரண்டு படங்களையும் பார்த்தார்.

“என் தலையை எங்கம்மா அமுக்கினா. நீ எதுக்குய்யா குனிஞ்ச?”