ஆவுடையப்பனின் வலது கால்

ஆவுடையப்பனுக்குத் தன் வலது காலை நினைத்தால் பயமாக இருந்தது.

காலில் நோய் ஒன்றும் இல்லை. ஐம்பது தாண்டியும் நல்ல திடமான கால். தென்காசிப் பக்கத்திலிருந்து திருநெல்வேலிக்கு ஓடும் ஒரு தனியார் பஸ்ஸில் பாதி ஆயுளுக்கு மேல் அந்தக் கால் ஆக்ஸிலேட்டரை மிதித்திருந்தது. வழியில் உள்ள ஊர்க்காரர்கள் அந்தப் பஸ்ஸை ராக்கெட் என்பார்கள். அந்தப் பேரைக் கேட்டு அவர் வெகுகாலம் சந்தோஷப்பட்டவர்தான்.

பங்குனியில் ஒரு மத்தியானம், வளைவுக்குச் சற்று முன்னால், அவர் ஒரு செங்கல் லாரியை முந்தினார். எதிரே பைக்கில் ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்துகொண்டிருந்தார்கள். பஸ் அவர்கள் மேல் படவில்லை. பட்டுவிடும் என்று பயந்து அவன் பைக்கை வயலுக்குள் விட்டுவிட்டான். அவளுக்குச் சிராய்ப்போடு போயிற்று. அவனுக்குத் தொடை எலும்பு முறிந்தது.

ஆவுடையப்பனின் லைசென்ஸை நிறுத்திவைத்தார்கள். ஓட்டுநர் பயிற்சி மையத்துக்குப் போய் மறுபடி பயிற்சி எடுக்க வேண்டும், அங்கே சரி என்று சொன்னால்தான் லைசென்ஸ் திரும்பக் கிடைக்கும் என்றார்கள்.

அதற்கு முன்னால் அவர் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த ஆளைப் பார்த்தார். அவன் திட்டவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். பெண்சாதிதான் கேட்டாள்.

"எங்களைப் பாத்தீங்களா, பாக்கலையா?"

அவர் பதில் சொல்லாமல் வெளியே வந்துவிட்டார். பார்த்திருந்தார். நன்றாகவே பார்த்திருந்தார். போய்விடலாம் என்று அவருடைய கால் சொன்னது. அவரும் கேட்டார்.

பயிற்சி மையத்தில் பஸ் டிரைவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் உலகேஸ்வரி. வயது நாற்பதுக்குள். பள்ளிக்கூட வேன், தண்ணீர் லாரி எல்லாம் ஓட்டிவிட்டு அங்கே வேலைக்கு வந்தவர். அவரிடம் வந்தவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். எல்லாரையும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். குறைவாகப் பேசுவார். யாரையும் திட்டி ஒருவரும் கேட்டதில்லை.

மையத்துப் பஸ்ஸில் டிரைவருக்கு இடப்பக்கம் இன்னொரு சீட்டு உண்டு. அதன் கீழே தனியாக ஒரு பிரேக் வைத்திருந்தார்கள். உலகேஸ்வரி எப்போதும் அதில்தான் உட்காருவார். ஓட்டுபவர் தவறினால் அவர் மிதிப்பார்.

ஆவுடையப்பன் ஓட்டும்போது அதை மிதிக்க வேண்டியே வரவில்லை. அறுபது என்றால் அறுபது. பள்ளிக்கூடம் என்றால் முப்பது. உடன் பயிற்சிக்கு வந்தவர்கள், அண்ணாச்சி லைசென்ஸ் இப்போதே பாக்கெட்டுக்குள் வந்துவிட்டது என்று கேலி செய்தார்கள்.

அவர் சிரிக்கவில்லை. ஒரு சாயங்காலம் மற்றவர்கள் போன பிறகு உலகேஸ்வரியைத் தேடிப் போனார். அவர் பஸ்ஸின் முன்னால் நின்று ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணாச்சி."

"என் காலை எது பிடிச்சு நிறுத்தும்?"

உலகேஸ்வரி வாளியைக் கீழே வைத்தார். 

ஆவுடையப்பன் தானாகவே சொல்ல ஆரம்பித்தார். அபராதம் கட்டியிருக்கிறார். கட்டிய வாரம் மனசு அடித்துக்கொண்டது. பிறகு போலீஸ்காரர்கள் எந்த மரத்தடியில் நிற்பார்கள் என்பது மனப்பாடமாகிவிட்டது. கேமரா வைத்தார்கள். கேமராவுக்கு முன்னால் நல்ல பிள்ளையாகப் போய், தாண்டியதும் விட்ட நேரத்தைப் பிடித்துவிடுவார். வேகத்தைக் கட்டுப்படுத்த ஒரு கருவி பொருத்தினார்கள். மெக்கானிக் அதில் ஒரு வயரைக் கழற்றிவிட்டான். வேண்டாம் என்று இவரும் சொல்லவில்லை.

கூட ஓட்டிய ஐயாத்துரை பாலத்துச் சுவரில் மோதிச் செத்துப்போனான். உள்ளேயிருந்து அவனை வெளியே எடுத்தவர்களில் இவரும் ஒருவர். அதற்குப் பிறகு இவர் பஸ் ஊர்ந்துதான் போயிற்று. கண்டக்டரே சலித்துக்கொண்டான். அப்புறம் ஒருநாள் பின்னால் வந்த பஸ் முந்திக்கொண்டு போய், அடுத்த நிறுத்தத்தில் நின்ற ஆட்களையெல்லாம் அள்ளிக்கொண்டது. அத்தோடு ஐயாத்துரை மறந்துபோனான்.

மகள் தன் போட்டோவைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டி, மெதுவாக வாங்க அப்பா என்று கீழே எழுதி வைத்தாள். தினமும் பார்த்ததில் அது போட்டோவாகவே தெரியாமல் போயிற்று.

"இங்க நான் ஒழுங்கா ஓட்டுறது எதனால தெரியுமா டீச்சர்? நீங்க பக்கத்துல இருக்கீங்க. உங்க காலு பிரேக்கு மேல இருக்கு."

"லைசென்ஸ் கிடைக்காதுன்னு பயப்படுதீங்களா அண்ணாச்சி?"

"கிடைச்சிரும்னு பயப்படுதேன்."

 உலகேஸ்வரி ரேடியேட்டரை மூடினார்.

"எது பிடிக்கும்னு எனக்குத் தெரியலை," என்றார். "நாளைக்கு அணைக்கட்டு வரைக்கும் போயிட்டு வருவோம். நீங்களும் நானும் மட்டும்."

அன்று ராத்திரி ஆவுடையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. அவர் மனைவி செல்லம், டீச்சர் ஏதாவது சொன்னாங்களா என்று கேட்டாள். தெரியலை என்று சொன்னாங்க என்றார். சொல்லிக்கொடுக்கிறவங்களுக்கே தெரியலைன்னா எப்படி என்று அவளுக்கும் கவலை பிடித்துக்கொண்டது.

மறுநாள் காலை சாரல் விட்டு லேசாக வெயில் வந்திருந்தது. மையத்தின் வாசலைத் தாண்டி, ஊரையும் தாண்டியதும், உலகேஸ்வரி ஓரமாக நிறுத்தச் சொன்னார். ஆவுடையப்பன் நிறுத்தினார்.

உலகேஸ்வரி பிரேக் சீட்டிலிருந்து எழுந்தார். காலி பஸ்ஸுக்குள் நடந்து, பின்வாசலுக்குப் பக்கத்தில் ஜன்னலோரமாக உட்கார்ந்தார். சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டார்.

"ராத்திரி சரியாத் தூங்கலை அண்ணாச்சி. கொஞ்சம் கண்ணசருதேன். அணைக்கட்டு வந்ததும் எழுப்புங்க."

"டீச்சர், இங்க வந்து இருங்க. அங்க என்னத்துக்கு?"

 சால்வைக்குள் முகம் மறைந்துவிட்டது.

ஆவுடையப்பன் இடப்பக்கத்துக் காலி சீட்டைப் பார்த்தார். வேட்டியில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டார். வண்டியை எடுத்தார்.

முதலில் நாற்பதுக்கு மேலே போகவில்லை. கண்ணாடியைத் திருப்பி, பின்னால் அந்தச் சால்வை தெரியும்படி வைத்துக்கொண்டார். ரோட்டில் ஆள் இல்லை. இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல். தூரத்தில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. இந்த ரோட்டில் போலீஸ் நிற்பதில்லை என்பதும், கேமரா இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். தெரிகிறதே என்று அதற்கும் பயந்தார்.

ஐம்பது. ஐம்பத்தைந்து. வண்டி சுகமாக ஓடியது. அவருக்கு மூச்சு கொஞ்சம் சீரானது.

அப்போதுதான் பின்னாலிருந்து ஹாரன் கேட்டது. அவருடைய பாதையில் ஓடும் பஸ் இல்லை, வேறு கம்பெனி வண்டி. ஆனாலும் டிரைவர் தெரிந்த பையன். முந்தும்போது இவரை அடையாளம் கண்டுகொண்டான். பயிற்சி என்று எழுதிய பலகையையும் பார்த்தான். ஹாரனை விட்டு விட்டு அடித்தான். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, பின்னால் வாங்க என்பதுபோல் ஆட்டிவிட்டுப் போனான்.

என்ன செய்தார் என்று பிறகு கேட்டிருந்தால் அவரால் சொல்லியிருக்க முடியாது. முன்னால் போன பஸ்ஸின் பின்கண்ணாடி மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. அது பக்கத்தில் வந்துகொண்டே இருந்தது. பஸ்ஸின் தகரமெல்லாம் அதிர ஆரம்பித்தது. முள் எண்பதைத் தாண்டியிருந்தது. மனசுக்குள் ஒரு சத்தமும் இல்லை. அந்த நேரத்தில் அவருக்குப் பயமே இல்லை.

ஒரு வளைவு வந்தது. திருப்பினார். பஸ் ஒருபக்கமாகச் சாய்ந்தது. பின்னால் எதுவோ இடித்த சத்தம் கேட்டது.

கண்ணாடியைப் பார்த்தார். உலகேஸ்வரியின் தலை ஜன்னல் கண்ணாடியில் போய் மோதியிருந்தது. சால்வை நழுவி, பாதி முகம் தெரிந்தது. கண் மூடியே இருந்தது. அடிபட்ட தலை மறுபடி சாய்ந்து, அதே ஜன்னலில் ஒண்டிக்கொண்டது.

எழுந்திருக்கவில்லை. இவ்வளவு வேகத்திலும் அந்தப் பெண் தூங்கிக்கொண்டிருந்தார்.

ஆவுடையப்பனின் கால் தானாகவே மேலே வந்தது.

முன்னால் போன பஸ் சின்னதாகி மறைந்தது.  பிறகு ஒரு தவளை குறுக்கே போனாலும் நிறுத்திவிடலாம் என்ற வேகத்தில்தான் பஸ் போயிற்று. ஒரு பால்காரர் சைக்கிளில் அவரோடு வெகுதூரம் கூடவே வந்தார். ஆவுடையப்பன் ஒவ்வொரு குழியையும் பார்த்து, சுற்றிக்கொண்டு போனார். நடுநடுவே கண்ணாடியைப் பார்த்தார். இந்தத் தூக்கம் கலையக் கூடாது என்று இருந்தது. எழுந்து முன்னால் வந்துவிட மாட்டாரா என்றும் இருந்தது.

அணைக்கட்டுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. ஒரு புங்கமரத்தின் கீழே நிறுத்தி, இஞ்சினை அணைத்தார். 

உலகேஸ்வரி எழுந்து வந்தார். நெற்றி ஓரம் சிவந்திருந்தது.

அதைப் பார்த்ததும் ஆவுடையப்பனுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

"என்னைப் பத்தி நேத்து அம்புட்டும் சொன்னேனே டீச்சர். சொல்லியும் அந்த பிரேக்கை விட்டுட்டுப் போயித் தூங்குதீங்க. நான் என்ன வேகத்துல வந்தேன் தெரியுமா? ரெண்டு பேரும் இப்ப உயிரோட இருக்கிறது யாரு செஞ்ச புண்ணியமோ. அப்படி எப்படி உங்களுக்குத் தூக்கம் வந்துச்சு?"

உலகேஸ்வரி வலது கையை அவர் முன்னால் விரித்துக் காட்டினார். உள்ளங்கை நெடுக ஒரு தடிப்பு, கன்றிப்போயிருந்தது. அவருக்கு முன்னாலிருந்த சீட்டுக் கம்பியின் அளவுக்குச் சரியாக இருந்தது.

"தூங்கலை அண்ணாச்சி."

அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சால்வைக்குள்ள கம்பியப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். தலை இடிச்சப்போ என் மகன் ஞாபகம் வந்துச்சு. காலைல சாப்பிடாமப் பள்ளிக்கூடம் போயிட்டான். அதையே நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

 ஆவுடையப்பனின் குரல் அடங்கிப்போயிருந்தது.

"ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்லா டீச்சர். மெதுவாப் போங்கன்னு ஒரு வார்த்தை. அப்பமே நிறுத்தியிருப்பேனே."

உலகேஸ்வரி சால்வையை உதறி மடித்தார்.

"இத்தனை வருஷத்துல உங்க பஸ்ல எத்தனை பேரு சத்தம் குடுத்தாங்க அண்ணாச்சி?"

அவர் யோசித்துப் பார்த்தார். சத்தம் குடுத்த ஒருவரும் ஞாபகத்துக்கு வரவில்லை. உலகேஸ்வரி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. காலி சீட்டுகளுக்கு நடுவே நடந்துபோய், அதே ஜன்னலோரத்தில் உட்கார்ந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

ஆவுடையப்பன் வண்டியை எடுக்க வெகுநேரம் ஆயிற்று.