செங்கழனிக் காவலரின் கால்சட்டை

கேளுங்கள், பெரியவர்களே, நீங்களும் கேளுங்கள், பிள்ளைகளே. கப்பல்கள் காற்றை மட்டுமே நம்பி ஓடிய காலத்தில், தெற்கே செங்கழனி என்றொரு சின்ன ராச்சியம் இருந்தது. அதை ஆண்டவர் கூத்தபிரான் என்ற ராசா.

ராசா கெட்டவர் அல்ல. ஆனால் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார். கெட்டவன் செய்கிற கேட்டுக்கு, தலையாட்டுகிறவன் செய்கிற கேடு கொஞ்சமும் குறைந்ததில்லை. அதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

ஒருநாள் செங்கழனித் துறையில் ஒரு சீமைக் கப்பல் ஒதுங்கியது. அதன் தலைவன் ராசாவுக்கு ஒரு கால்சட்டையைக் காணிக்கையாகக் கொடுத்தான். தொப்புள் வரை ஏறி நிற்கும் கால்சட்டை. முன்புறம் வரிசையாக ஐந்து பொத்தான்கள். அதோடு இரண்டு தோள்வார்கள். அவை முன்னே இடுப்பில் பொத்தானில் மாட்டி, தோள் மேல் ஏறி, முதுகில் குறுக்கே இறங்கி, பின்னேயும் பொத்தானில் மாட்டிக்கொள்ளும்.

ராசா போட்டுப் பார்த்தார். இடுப்பை இறுக்கவில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டார், அப்போதும் இறுக்கவில்லை. குனிந்தார், நிமிர்ந்தார், ஊஞ்சலில் ஆடினார். கால்சட்டை இம்மியும் நழுவவில்லை. பாரத்தையெல்லாம் தோள் சுமந்தது.

"அரண்மனைத் தையற்காரரைக் கூப்பிடுங்கள்!" என்றார்.

தையற்காரர் மைதீன் பிச்சை வந்தார். கால்சட்டையை உள்ளும் வெளியுமாகத் திருப்பிப் பார்த்தார். மூன்றே நாளில் அதேபோல ஒன்றைப் பருத்தித் துணியில் தைத்து, கொட்டாங்கச்சியில் பொத்தான் செதுக்கி வைத்துக் கொண்டுவந்தார். ராசாவுக்கு ஒரே சந்தோஷம்.

இத்தோடு போயிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் பிரதானி அனந்தப்பர் என்று ஒருவர் இருந்தாரே! தனக்குக் கிடைத்த நல்லது அடுத்தவனுக்குக் கிடைத்துவிட்டால், அது நல்லதே இல்லை என்று நினைக்கிற மனிதர்.

அவர் ஒரு சட்டம் எழுதிக்கொண்டு வந்தார். ராசாவின் கால்சட்டைக்கு ஐந்து பொத்தான், தோள்வார் உண்டு. பிரதானிக்கும் அதிகாரிகளுக்கும் நான்கு பொத்தான், தோள்வார் உண்டு. காவலர்களுக்கு ஒரே பொத்தான், தோள்வார் கிடையாது.

வரிசையில் நின்றால் அழகாக இருக்க வேண்டுமாம். அதனால் ஒல்லியானவனுக்கும் தடியனுக்கும் ஒரே அளவுதான். மேலே கயிறு கட்டக் கூடாது, மடிப்புக் கெட்டுவிடும். காவலரின் ஒற்றைப் பொத்தானில் ராச முத்திரை இருக்கும். அது தரையில் பட்டால் ராச அவமதிப்பு.

மைதீன் பிச்சை சட்டத்தைக் கேட்டதும் பதறினார்.

"அய்யா, இது இடுப்பைப் பிடிக்காமல் வெட்டுகிற துணி. தோள்வார்தான் இதற்கு உயிர். அது இல்லாவிட்டால் நிற்காதே!"

"நிற்க வைக்க வேண்டியது காவலன் பொறுப்பு, ராவுத்தரே. நீர் தைத்துக் கொடும்" என்றார் பிரதானி.

"அப்படியானால் ஆளாளுக்கு அளவாவது எடுக்கிறேன்."

"காவலனுக்கு என்னவே அளவு?"

கேட்டீர்களா? காவலனுக்கு என்ன அளவாம்! அவனுக்கு இடுப்பு இல்லையா? ராசா அங்கேதான் உட்கார்ந்திருந்தார். பிரதானி ஓலையை நீட்டினார். ராசா தலையாட்டினார்.

முப்பது காவலரும் அந்தக் கால்சட்டையை மாட்டிக்கொண்டு, ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி நடமாடத் தொடங்கினார்கள்.

முதலில் சிக்கிக்கொண்டவர் வாசற்காவலர் பேச்சிமுத்து. வயதில் மூத்தவர், ஒல்லியான உடம்பு. ராசாவின் பல்லக்கு வாசலைக் கடந்தபோது, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். கால்சட்டை கணுக்காலுக்கு வந்துவிட்டது. நல்லவேளை, உள்ளே கோவணம் இருந்தது. பல்லக்குக்குள் இருந்தவர்கள் சிரித்தார்கள். முத்திரை தரையில் பட்டதென்று, பிரதானி அவரை ஒரு பகல் முழுக்கச் சந்தை நடுவே நிற்க வைத்தார், அந்தக் கால்சட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு. பேரன் பேத்தி எடுத்த மனிதரை!

இரண்டாவது, இருளப்பன். கோயில் மணியைத் திருடிக்கொண்டு ஓடியவனைத் துரத்திக்கொண்டு ஓடினார். திருடனின் முதுகைத் தொடுகிற தூரம். கால்சட்டை முழங்காலில் இறங்கிச் சுற்றிக்கொண்டது. இருளப்பன் குப்புற விழுந்தார், பார்த்த ஊர் சிரித்தது. முன்பல் ஒன்று போயிற்று. திருடன் தப்பிவிட்டான். பிரதானி இருளப்பனை வேலையிலிருந்து நீக்கி, எல்லைக்கு அப்பால் துரத்திவிட்டார்.

மூன்றாவது, மாயாண்டி.

சித்திரை மாதம், உச்சி வெயில். களஞ்சியத்தில் தீப் பிடித்தது. ஊரின் அடுத்த அறுப்பு வரைக்குமான நெல் அங்கேதான் இருந்தது. மூன்று நெல் கொட்டாரம், மூன்றும் ஓலைக் கூரை. காவலர்கள் குளத்திலிருந்து களஞ்சியம் வரைக்கும் வரிசையாக நின்று குடம் மாற்றினார்கள். எப்படி மாற்றுவது? ஒவ்வொருவருக்கும் ஒரு கைதானே மிச்சம்! குடம் சரிந்தது, உடைந்தது, பாதித் தண்ணீர் மண்ணில் போயிற்று. முதல் கொட்டாரம் கண்ணெதிரே சாம்பலாயிற்று. பெண்கள் வயிற்றில் அடித்துக்கொண்டு அலறினார்கள்.

மாயாண்டி பார்த்தார். அங்கே கிடந்த தென்னங்கயிற்றை அரிவாளால் வெட்டினார். கால்சட்டையில் முன்னே இரண்டு துளை, பின்னே இரண்டு துளை. கயிற்றைக் கோத்துத் தோளில் போட்டு முடிச்சிட்டார்.

"எல்லாரும் இப்படிக் கட்டுங்கலே! ரெண்டு கையும் வேணும்!" என்று கத்தினார்.

கட்டினார்கள். எல்லாருடைய இரண்டு கைகளும் ஒன்றாக வேலை செய்தன. மற்ற இரண்டு கொட்டாரமும் பிழைத்தன.

மாயாண்டிக்கு ராச்சியம் என்ன செய்திருக்க வேண்டும்? மாலை போட்டிருக்க வேண்டும். பிரதானி விலங்கு போட்டார். காவலன் தோள்வார் அணிந்தான், மற்றவரையும் அணியத் தூண்டினான் என்று குற்றம். சவுக்கால் இருபது அடி என்று தீர்ப்பு எழுதி, ராசாவின் தலையாட்டலுக்காகச் சபைக்குக் கொண்டுவந்தார்.

"ஏதாவது சொல்லவேண்டுமா?" என்று ராசா மாயாண்டியிடம் கேட்டார்.

"அடிங்க மகராசா, வாங்கிக்கிடுதேன். தோள்ல கயிறு போட்டது நெசம். ஆனா அந்தக் கயிறு இல்லைன்னா, இந்த வருசம் நீங்களும் பட்டினி, உங்க பிரதானியும் பட்டினி."

ராசாவின் தலை மெல்ல அசையத் தொடங்கியது. அப்போது மைதீன் பிச்சை எழுந்து முன்னே வந்தார்.

"மகாராசா, எனக்கு ஒரு சந்தேகம். குற்றம் காவலர்களிடமா, என் தையலிடமா? தையலில் என்றால் அந்த இருபது அடியும் என் முதுகில் விழட்டும். பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்."

"எப்படிப் பார்ப்பது?"

"ஒழுக்கத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாத ஒருவர் காவலரின் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு, காவலர் செய்கிறதையெல்லாம் செய்தபடி வாசலிலிருந்து சிம்மாசனம் வரைக்கும் மூன்று முறை நடக்கட்டும். அவருக்கு நழுவாவிட்டால் தையல் சரி, காவலர்கள்மேல்தான் தப்பு."

"அப்படிக் குறையே இல்லாதவர் யார்?"

"நம் பிரதானியைத் தவிர வேறு யாரைச் சொல்வேன், மகாராசா?"

பிரதானிக்கு முகம் கறுத்தது. மாட்டேன் என்றால், தனக்கு ஒழுக்கம் இல்லை என்று தானே சொன்னதாகும். உள்ளே போய்க் காவலர் கால்சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். ஒற்றைப் பொத்தான். வெறும் தோள்.

முதல் முறை, வேல் ஏந்தி நடந்தார். ஒரு கையில் வேல், ஒரு கை இடுப்பில். சிம்மாசனம் வரை வந்துவிட்டார். "பார்த்தீர்களா?" என்று மீசையைத் தடவப்போனவர், சட்டென்று கையைப் பழைய இடத்துக்கே கொண்டுபோனார்.

இரண்டாம் முறை, நிறைகுடம் கொடுத்தார்கள். ஒரு கையால் குடத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். பாதித் தண்ணீர் அவர் மேலும் பாதி தரைமேலும் கொட்டியது. நனைந்த துணி இன்னும் கனத்தது.

மூன்றாம் முறை, ராசாவின் முன்னால் வந்து தலைக்கு மேல் கைகூப்பிக் கும்பிட வேண்டும். வந்தார். நின்றார். இரண்டு கையும் இடுப்பை விடவில்லை.

"கும்பிடும்" என்றார் ராசா.

"மகாராசா... மனசுக்குள்ளே கும்பிட்டுவிட்டேன்."

சபை வெடித்துச் சிரித்தது. வாயில்காப்போர் சிரித்தார்கள், சாமரம் வீசுகிறவர்கள் சிரித்தார்கள், ஓலை எழுதுகிறவர் எழுத்தாணியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். சிரிக்காதவர்கள் இரண்டே பேர். ஒருவர் விலங்கோடு நின்ற மாயாண்டி. இன்னொருவர் ராசா.

"பேச்சிமுத்து மனசுக்குள்ளே கும்பிட்டிருந்தால், விட்டிருப்பீரா?" என்று ராசா கேட்டார்.

பிரதானி இடுப்பை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"நீர் விட்டிருக்க மாட்டீர். நானும் தடுத்திருக்க மாட்டேன். அன்றைக்கு அவர் கூனிக் குறுகி நின்றபோது, நான்தானே பல்லக்கில் இருந்தேன்? பார்த்தேன். சிரித்தேன். பிறகு தலையாட்டினேன்."

ராசா இறங்கி வந்து தன் கையால் மாயாண்டியின் விலங்கைக் கழற்றினார். அன்றே சட்ட ஓலையைக் கிழித்தார்கள். மைதீன் பிச்சை காவலர் எல்லாருக்கும் ஒவ்வொருவராக அளவெடுத்து, வேண்டிய பொத்தானும் தோள்வாரும் வைத்துத் தைத்தார். பிரதானிப் பதவி போன அனந்தப்பர், அதே ஒற்றைப் பொத்தான் கால்சட்டையில், ஒரு வருடம் கோட்டை வாசலில் நின்று வருகிறவர் போகிறவர்க்கெல்லாம் கதவு திறந்துவிட்டார்.

எல்லாம் சரியாகிவிட்டதென்று நினைக்காதீர்கள். எல்லைக்கு அப்பால் போன இருளப்பனுக்கு ராசா ஆள் அனுப்பினார், புதுக் கால்சட்டையும் தோள்வாரும் கொடுத்து. இருளப்பன் அதைத் தொட்டும் பார்க்கவில்லை.

"எனக்கு வேட்டி போதும். ஊரு சிரிச்ச சிரிப்பு இருக்குல்லா, அதை முதல்ல திரும்ப வாங்கிட்டுப் போகச் சொல்லு உங்க ராசாவை" என்று சொல்லியனுப்பினார்.

ராசா அதைச் சபையில் சொல்லி, வழி கேட்டார். அதை எப்படித் திரும்ப வாங்குவது என்று அவருக்கும் தெரியவில்லை, சபையில் ஒருவருக்கும் தெரியவில்லை.

ஆகையால் மக்களே, இதை மனதில் வையுங்கள்: ஒருவன் நிற்பதற்கு வேண்டியதைப் பறித்துக்கொண்டவனுக்கு, அவன் விழுந்ததற்காக அவனைத் தண்டிக்கும் உரிமை கிடையாது.