மாட்டுத் தொட்டியில் சேர்த்த புண்ணியம்

தோமையார்குளத்துக்காரர்களுக்கு மூளையே கிடையாது என்று சொன்னால் பாவம். இருந்தது, ஊருக்குப் பொதுவாக ஒன்று. அந்த வருஷம், கிறிஸ்மஸுக்கு முந்திய நாலு வாரத் திருவருகைக் காலத்தில் அது யார் வீட்டில் இருந்ததோ, ராயப்பன் வீட்டில் மட்டும் இல்லை.

அங்கே அண்ணன் தம்பி மூன்று பேர்: ராயப்பன், இன்னாசி, சந்தியாகு. கடைசித் தம்பி சந்தியாகுவின் பெண்டாட்டி பவுலினுக்குக் கிறிஸ்மஸை ஒட்டித் தலைப்பிரசவம். அவளுக்கோ பயமான பயம். பூனை தும்மினாலும் ஜெபமாலையைத் தேடுவாள்.

முதல் ஞாயிறு பூசையில் பங்குச்சாமி சொன்னார்: "வரப்போகிற குழந்தைக்காக வீட்டுக்கு வீடு ஒரு தொட்டி வையுங்கள். ஒவ்வொரு நற்செயலுக்கும் அதில் ஒரு வைக்கோல் போடுங்கள். குழந்தை வரும்போது படுக்கை மெத்தென்று இருக்க வேண்டும்."

வீட்டுக்கு வரும் வழியில் இன்னாசி நின்றுவிட்டான். "அண்ணே, நம்ம பவுலினு முழுகாம இருக்கிறது சாமிக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"அதனாலதான அவரு சாமி" என்றான் ராயப்பன்.

"படுக்கை நிறையலேன்னா?" என்றான் சந்தியாகு.

"படுக்க இடமில்லாத வீட்டுக்கு நீ விருந்தாடியாப் போவியா?" என்று கேட்டான் ராயப்பன்.

"போமாட்டேன்."

"பிள்ளை மட்டும் வருமா?"

கேட்டுக்கொண்டே வந்த பவுலின் அழ ஆரம்பித்தாள். "எம்பிள்ளை வராமலே போயிருமா அத்தான்?"

"வைக்கோல் சேரட்டும் தாயி, தன்னால வந்துரும்" என்றான் ராயப்பன்.

சாமி சொன்னது தொட்டி. அந்த வீட்டில் இருந்த ஒரே தொட்டி, பசு மாட்டின் முன்னால் இருந்தது. அதையே கழுவி வைத்தார்கள்.

ராயப்பன் மாட்டை அடிக்கக் கையை ஓங்கினான், அடிக்காமல் இறக்கினான். ஒரு வைக்கோல். மறுபடி ஓங்கினான், இறக்கினான். கை வலிக்கும்வரை புண்ணியம் சேர்த்தான்.

இன்னாசி பக்கத்து வீட்டு மதலேனக்காவின் கோழியைத் தூக்கி வந்தான்.

"திருடுறியாடா?"

"திருப்பிக் குடுக்கப்போறேண்ணே. நற்செயல்."

"திருடினதுக்கு ஒண்ணு கழியுமேடா."

இன்னாசி தாடையைச் சொறிந்தான். "அப்ப ரெண்டு தடவையாக் குடுக்கறேன். இன்னைக்குக் கோழி, நாளைக்கு முட்டை."

மதலேனக்கா ரெண்டு தடவையும் விளக்குமாற்றால் வாங்கிக்கொண்டாள். அடியைப் பொறுத்துக்கொண்டதற்குத் தனியாக ஒரு கைப்பிடி போட்டார்கள்.

தொட்டி பாதி நிறைந்தது. காலையில் பார்த்தால் காலி. மாடு அசைபோட்டுக்கொண்டிருந்தது.

பவுலின் ஜெபமாலையைத் தேடினாள். மூன்று பேரும் உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"பசிச்ச வாயில்லா ஜீவனுக்குச் சாப்பாடு போட்டிருக்கோம். இது நற்செயலா, இல்லையா?" என்று கேட்டான் ராயப்பன்.

"நற்செயல்தான்."

"அப்ப போடு ஒரு வைக்கோல்."

போட்டார்கள். மாடு தின்றது. அதுவும் நற்செயல். இன்னொன்று போட்டார்கள். தின்றது. வைக்கோற்போர் கரைந்தது, மாடு பெருத்தது, தொட்டியில் மட்டும் ஒன்றும் தங்கவில்லை. பொழுது சாயும்போது உள்ளேயிருந்து பவுலின் அலறினாள்.

"கொஞ்சம் பொறுத்துக்க புள்ள! இன்னும் மெத்தை ஆகலை!" என்று கத்தினான் சந்தியாகு.

நர்சம்மா வந்து மூன்று பேரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரத்தில் பெண் குழந்தை. தாயும் சுகம், பிள்ளையும் சுகம்.

அண்ணன் தம்பிகள் கோயிலுக்கு ஓடினார்கள். சாமி, கிறிஸ்மஸ் ராத்திரி குழந்தை சொரூபத்தை வைக்கும் குடிலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்.

"சாமி, குழந்தை வந்தாச்சு!"

"அதுக்குள்ளயா?" சாமி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கிறிஸ்மஸ் ராத்திரிக்கு முன்னால குழந்தையை வெளிய எடுக்கக் கூடாதுன்னு வருஷா வருஷம் சொல்றேன். போங்க, எடுத்த இடத்துலயே திரும்ப வைங்க!"

மூன்று பேரும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்கள். சந்தியாகுதான் மெல்லப் பேச்செடுத்தான். "புள்ள, சாமி எடுத்த இடத்துலயே வைக்கச் சொல்றாரு."

நர்சம்மா குடையைத் தூக்கினாள். பவுலின் பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் இப்போது பயத்தைக் காணோம். "கிட்ட வந்து பாருங்க" என்றாள்.

யாரும் கிட்டப் போகவில்லை.

"சரி, வெளிய மூச்சு விட வேண்டாம்" என்று முடிவு சொன்னான் ராயப்பன். "கிறிஸ்மஸ் வரைக்கும் இந்த வீட்டுல யாரும் பிறக்கலை."

அந்த நேரம் பார்த்துப் பிள்ளை வீறிட்டது. சந்தியாகு பதறிப்போய்க் குனிந்து, அதன் காதில் குசுகுசுத்தான்:

"அழக் கூடாது கண்ணு. நீ இன்னும் வரவே இல்லை."