இருபது மரத்துச் சாறு

"உங்க சாறு வேலை செய்யல, டீச்சர்" என்றார் வைரக்கண்ணு.

சற்குணம் காளான் கொட்டகையில் வைக்கோல் நனைத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் அவள் ஒரு நாளும் பாடம் நடத்தியதில்லை. தென்னைக்கு நோய் வந்தால் அவளிடம் ஓடுகிறவர்கள் வைத்த பட்டம் அது. வைரக்கண்ணு அவளைவிட இருபது வயது மூத்தவர். இருந்தும் ஒரு மாதம் கொட்டகை வாசலில் உட்கார்ந்து பாடம் கேட்டார். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே கேட்டார்.

"இருபது மரத்துக்குக் காளான் சாறு குடுத்தேனே. எத்தனைக்கு ஊத்துனீங்க?"

"ஒண்ணுக்கு."

சற்குணம் கையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"வாங்க, பார்ப்போம்."

தோப்பில் அந்த மரம் தனியாகத் தெரிந்தது. மட்டைகள் தொங்கிவிட்டன. அடித்தண்டு வெடித்து, செந்நீர் வடிந்து, காய்ந்து கறுத்திருந்தது. மரத்தைச் சுற்றி மண் இன்னும் ஈரமாக இருந்தது. காலையில்கூட ஊற்றியிருக்கிறார்.

"நோய் வந்த மரத்துக்கு ஊத்தாதீங்கன்னு சொன்னேனே, அய்யா. இது வைத்தியம் இல்ல. நல்லா இருக்கிற மரத்தை உஷார் பண்றது. அவ்வளவுதான்."

"தெரியும்."

"வந்ததை வெட்டி எடுத்துடுங்கன்னும் சொன்னேன்."

"அதுவும் தெரியும்."

"தெரிஞ்சுமா?"

வைரக்கண்ணு மரத்தைத் தடவினார்.

"எம் மவன் சிவநேசன் பொறந்தன்னைக்கு வச்சது. அவன் பைக்கில அடிபட்டுப் போயி மூணு வருசம் ஆச்சு. இதையும் எப்படி டீச்சர் வெட்டுவேன்?"

தெரியாததைச் சொல்லிச் சமாளிக்கிற பழக்கம் சற்குணத்துக்கு இல்லை. பக்கத்து மரங்களைப் பார்த்தாள்.

வைரக்கண்ணுவின் மகள் பூங்கொடி மோர் கொண்டுவந்தாள். அவள் வந்து நின்றதை அவர் கவனிக்கவில்லை. அவர் கண் மரத்தின் மேலேயே இருந்தது.

சற்குணம் பக்கத்து மரத்தடியில் குந்தினாள். புல்லை விலக்கி, தண்டின் அடியை விரலால் துடைத்து, அவரிடம் நீட்டினாள்.

விரல் நுனி சிவந்திருந்தது.

வைரக்கண்ணு முகத்தில் ஈயாடவில்லை.

"இதுலயுமா?"

"மண்ணுக்கடியில ரெண்டு வேரும் பின்னிக் கிடக்குல்ல? போன மாசமே ஊத்தியிருந்தா ஒருவேளை தப்பிச்சிருக்கும்."

அவர் அந்த மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"இது யார் பேர்ல வச்ச மரம்?"

"பொண்ணு பேர்ல."

"இதுக்கு ஒரு சொம்புகூடவா ஊத்தல?"

"இது நல்லாத்தான இருந்துச்சு..." அவர் தலையில் அடித்துக்கொண்டார். "பாவி, திரும்பிக்கூடப் பார்க்கலியே நான்."

தலை குனிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். சற்குணம் அவரைத் தேற்றவில்லை. எழுந்துபோய்ப் பூங்கொடியிடமிருந்து மோர்ச் செம்பை வாங்கினாள். குடிக்காமல் அவள் முகத்தையே பார்த்தாள்.

"நீ நல்லா இருக்கியாம்மா?"

அண்ணன் செத்த நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் பூங்கொடியை அப்படிக் கேட்டதில்லை. வாயைத் திறந்தாள். தாவணி நுனியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் வைரக்கண்ணு தலை நிமிர்ந்து மகளைப் பார்த்தார்.

கேட்டவள் சற்குணம். பூங்கொடி பதில் சொன்னது அவளிடம் இல்லை.

"இல்லப்பா."